சந்தனம் வைத்த பேரிங்

ஸ்டோர் சாவி என்னிடம்தான் இருந்தது. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டும் என் இடுப்பில். கிளமென்ட் திறக்காமல் அந்த அறையிலிருந்து ஒரு திருகாணி கூட வெளியே வராது என்று செம்பட்டு ஏரோடிரோமில் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாது. இன்றைக்கு அந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது?

அறுபதுகளின் நடுவில் நடந்தது. வயலுக்கு மருந்து தெளிக்கிற ஒரு சின்னக் கம்பெனி, அதற்கு ஒரே ஒரு ஹெலிகாப்டர். முன்னால் கண்ணாடிக் கூண்டு, பின்னால் கம்பிகளை அடுக்கின மாதிரி நீள வால், வால் நுனியில் ஒரு சின்ன விசிறி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் அதைத் தட்டான் என்பார்கள். பார்த்தால் தட்டானேதான். வெள்ளம் வந்தால் மருந்துத் தொட்டிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆளைத் தூக்கப் போகவேண்டும் என்று அதிகாரிகளோடு ஓர் ஏற்பாடு இருந்தது. முந்தின வருஷம் முக்கொம்புக்குக் கீழே கூரைமேல் மாட்டிக்கொண்ட ஆறு பேரைத் தூக்கி வந்தது. பேப்பரில் படம் போட்டார்கள். அதற்கப்புறம் ஆற்றோரத்து ஜனங்களுக்குத் தட்டான்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அது பெட்ரோலில் பறக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பேரில் பறந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. அது முடிந்ததும் நன்றாக இருந்தாலும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடவேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான். எழுதிப் போட்டால் ஆறு மாசம், எட்டு மாசம். அதனால் முக்கியமான ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று என் அலமாரியில் இருக்கும். வால் விசிறியின் பேரிங்கும் அப்படி ஒன்று. உள்ளங்கை அகலம்தான். கெட்டியான கிரீஸ் பூசி, மெழுகுக் காகிதத்தில் சுற்றி, தகர டப்பாவில் அடைத்து ஒட்டியிருப்பார்கள். பொருத்துகிற நேரத்தில் மட்டும் திறக்கவும் என்று மூடிமேல் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. பூஜை வேலையெல்லாம் பிச்சமுத்து. ஹெலிகாப்டரைக் கழுவுவது, கிரீஸ் போடுவது, தள்ளுவது எல்லாம் அவன்தான். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் வீடு. வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வாங்கி, எல்லாம் தயார் செய்துவிட்டு ஸ்டோர் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, வருசா வருசம் ஸ்பேனரும் சுத்தியலும்தான் வக்கிறோம். இந்தத் தடவை உள்ள இருக்கிற புதுச் சாமான் ஒண்ணு குடுங்க. போன வருசம் ஆறு உசிரக் காப்பாத்தின வண்டியாச்சே" என்றான்.

பேரிங் டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"டப்பாவுக்கா ஐயா பூசை போடுறது? சாமானைத் தொறந்து குடுங்க."

"அதைத் திறக்கக் கூடாதுப்பா."

அத்தோடு நின்றிருக்கவேண்டும். அவனுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவன் மெதுவாக, "விடு பிச்சமுத்து, ஐயா வேதக்காரங்க, அவங்களுக்கு இதுல இஷ்டம் இருக்காது" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நான் பாலக்கரைக்காரன், எல்லா மதத்தாரோடும் பழகி வளர்ந்தவன். வருஷா வருஷம் இவர்கள் பொரியைத் தின்றிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு இவர்களெல்லாம் என் வீட்டில் வந்து கேக் தின்றிருக்கிறார்கள். என்னைப் பார்த்தா இப்படி ஒரு பேச்சு? எஞ்சினியர் ஜெகபர் சாதிக் இருந்திருந்தால் ஒரு அதட்டல் போட்டு முடித்திருப்பார். அவர் அன்றைக்கு லீவு. பாழாய்ப்போன ரோஷம், ஒரு பேனாக்கத்தியை எடுத்து டப்பாவை நானே கீறித் திறந்தேன்.

கிரீஸ்மேல் சந்தனம் ஒட்டாது என்று பிச்சமுத்து அதைப் பெட்ரோல் துணியால் பக்தியாகத் துடைத்தான். வெள்ளிக் காப்பு மாதிரி ஆகிவிட்டது. சந்தனத்தைக் குழைத்து மூன்று இடத்தில் வைத்தான், குங்குமம் வைத்தான், நடுத் துவாரத்தில் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகினான். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது வழக்கம். ஒரு ராத்திரி முழுக்க அது ஈரச் சந்தனத்தோடு கிடந்தது. மறுநாள் நான் பழந்துணியால் துடைத்தேன். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புதிதாகக் கிரீஸ் பூசி வைத்திருக்கவேண்டும். பத்து நிமிஷ வேலை. செய்யவில்லை. அதே காகிதத்தைச் சுற்றி, டப்பாவில் போட்டு, பேப்பர் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். சாதிக் பாயிடமும் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்தது. நாலு நாளாக விடாத மழை. மருந்து தெளிக்கிற வேலை இல்லாததால், மணி நேரம் முடிகிற சாமான்களை மாற்றிவிடலாம் என்று சாதிக் பாய் சொன்னார். வால் விசிறியின் பழைய பேரிங்கைக் காலையிலேயே கழற்றினார்கள். அது இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரவில்லை, உடைத்துத்தான் எடுத்தார்கள். அதனால் என்ன, புதுசு ஸ்டோரில் இருக்கிறதே.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். கொள்ளிடத்தில் திடீரென்று தண்ணீர் ஏறிவிட்டது. ஆற்று நடுவில் படுகைத் திட்டில் நாணல் அறுக்கப் போன பெண்கள் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதல் நாள் சாயங்காலம் தண்டோரா போட்டிருந்தார்கள், இவர்கள் காதில் விழவில்லையோ, விழுந்தும் ஒரு நாள் கூலியை விட மனசில்லையோ, விடியுமுன் நடந்தே திட்டுக்குப் போய்விட்டார்கள். ஹெலிகாப்டர் வருமா என்று தாசில்தார் ஆபீஸிலிருந்து கேட்டார்கள்.

"ஒரு பேரிங் மாட்டவேண்டியிருக்கு. பன்னிரண்டரைக்குள்ள வந்துடும்" என்றேன்.

"நிச்சயமா வருமுங்களா? சொல்லிடலாமா அவங்ககிட்ட?"

"தாராளமாச் சொல்லுங்க" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? சாதிக் பாயைக் கேட்டேனா? டப்பாவைத் திறந்து பார்த்தேனா? ஒன்றும் இல்லை. ஸ்டோரில் ஸ்பேர் இருக்கிறது என்ற திமிர்.

விஷயத்தை வண்டி நிற்கிற ஹாங்கரில் போய்ச் சொன்னதும் பிச்சமுத்து கையில் இருந்ததைக் கீழே வைத்தான். "எம்பொஞ்சாதியும் நாணல் அறுக்கத்தாங்க போயிருக்கு" என்றான். மாரியாயியை எனக்குத் தெரியும். புருஷனுக்குச் சோறு கொண்டுவருகிற நாளில் எனக்கும் ஒரு தூக்கில் மாங்காய்த் தொக்கு கொண்டுவரும். சாதிக் பாய் அவன் தோளைத் தட்டி, "ஒரு தடவைக்கு ரெண்டு பேர், ஆறு தடவை போனா முடிஞ்சுது. முதல் தடவையே உன் ஊட்டுக்காரியத் தூக்கச் சொல்றேன்" என்றார். பைலட் அதற்குள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

நான் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். சாதிக் பாய் காகிதத்தைப் பிரித்தார். பேரிங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், அது கரகரவென்று நின்று நின்று சுற்றியது. குண்டுகளில் செம்புள்ளிகள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கிளமென்ட், இதுல சந்தன வாசனை வருது" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நாலடி தள்ளி பிச்சமுத்து நின்றிருந்தான். அவன் பேரிங்கைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைத்தான் பார்த்தான் என்று நினைத்தேன்.

அந்த நிமிஷமே போன் பண்ணி, தட்டான் வராது, வேறு வழி பாருங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். இதைத்தான் இத்தனை வருஷமாக நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சந்தனம் வைத்தது கூட அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். போன் மேஜைமேல் இருந்தது. நான் பண்ணவில்லை. எப்படியாவது சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். சாதிக் பாய் பஞ்சால் தேய்த்துத் தேய்த்துத் துருவை எடுத்தார். துரு போயிற்று, துரு தின்ற குழி போகவில்லை. கிரீஸ் அடைத்து மாட்டினார். வண்டியைத் தரையில் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். வால் விசிறி சுற்ற ஆரம்பித்தது. பிச்சமுத்து கைகூப்பிக்கொண்டு நின்றான். வேகம் பாதிகூட ஏறவில்லை, வால் வெடவெடவென்று உதறியது, கருகல் வாசனை வந்தது. சாதிக் பாய் கையைக் குறுக்கே வீசி நிறுத்தச் சொன்னார்.

"பரவாயில்ல பாய், பத்து நிமிஷப் பயணந்தான். நான் போறேன்" என்றார் பைலட்.

"போகலாம். திரும்பி வரமுடியாது. வால் விசிறி நின்னா வண்டி பம்பரமாச் சுத்தி விழும். நீங்களும் போவீங்க, நீங்க தூக்கின பொண்ணும் போவா. நான் விடமாட்டேன்."

பிச்சமுத்து அவர் காலில் விழுந்தான். "ஒரே ஒரு தடவை விட்டுப் பாருங்க பாய். ஒரே தடவை" என்றான். சாதிக் பாய் அவனைத் தூக்கி நிறுத்த முடியாமல் தானும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது மணி ஒன்றேகால். அதற்கப்புறம்தான் தட்டான் வராது என்று நான் போன் பண்ணினேன். மெட்ராஸுக்கும் பேசினேன், அங்கே ஒருவரிடம் அதே பேரிங் இருந்தது. காரில் அனுப்புகிறேன் என்றார். வழியெல்லாம் வெள்ளம், நாளைக் காலையில்தான் வரும் என்றும் சொன்னார்.

நானும் பிச்சமுத்தும் ஜீப்பில் கொள்ளிடப் பாலத்துக்குப் போனோம். வழியில் அவனிடம் பேச எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? பாலம் முழுக்க ஜனம். கீழே ஆறு செம்மண் நிறத்தில், மரத்தையும் வைக்கோல் போரையும் உருட்டிக்கொண்டு போனது. தூரத்தில் திட்டு, ஒரு கொல்லைப்புற அளவுதான் மிச்சம் இருந்தது. பன்னிரண்டு பேரும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சேலை நிறம் மட்டும்தான் தெரிந்தது. பிச்சமுத்து கைப்பிடிச் சுவரில் ஏறி, "அந்தப் பச்சைச் சீலைதாங்க" என்றான்.

அவர்கள் கரையைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலத்தடியில் மதுரைவீரன் என்று ஒரு பரிசல்காரன் துடுப்போடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இன்னும் இரண்டு பரிசல்காரர்கள். ஏன் போகவில்லை என்று அவனைக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பதினோரு மணிக்கே பரிசலை எறக்கிட்டேன் சார். அப்ப இழுப்பு இவ்வளவு இல்ல. மூணு நடையில எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்திருப்போம். தட்டான் வருது, நீ எதுக்கு உசிரக் குடுக்கிறேன்னு நிறுத்திட்டாங்க. போன்ல நிச்சயம் வருதுன்னு எவனோ சொன்னானாம். அந்தப் பொம்பளைங்களுக்கும் மைக்ல சொல்லிட்டாங்க, அசையாம நில்லுங்க, தட்டான் வருதுன்னு" என்று சொல்லித் துப்பினான். "இப்ப எறங்கினா பரிசல் ஒரு சுத்துல கவுந்துரும்."

அந்த எவனோ நான்தான் என்று சொல்லவில்லை. பாலத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்லப் பார்த்தேன், பாதியில் மறந்துவிட்டது. நாலு மணிக்குத் திட்டு தெரியவில்லை. அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து நின்றார்கள். பாலத்தில் இருந்த ஆயிரம் பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்ப்பதைத் தவிர ஒருத்தராலும் ஒன்றும் செய்யமுடியவில்லை. ஒரு பெரிய மரம் வேரோடு உருண்டு வந்து அந்த வரிசைமேல் மோதியது. கூட்டத்தில் ஒரு சத்தம் எழும்பி அடங்கியது. மதுரைவீரனும் மற்ற இரண்டு பேரும் கவிழ்ந்தாலும் கவிழட்டும் என்று கீழ்க்கரையிலிருந்து பரிசலைத் தள்ளினார்கள். ஏழு பேரை அந்த மரக்கிளையிலிருந்தே பிடித்து ஏற்றினார்கள். ஐந்து பேர் கிடைக்கவில்லை. ஏறினவர்களில் பச்சைச் சேலை இல்லை.

மறுநாள் காலை பேரிங் வந்து, மாட்டி, தட்டான் பறந்தது. அதுதான் மாரியாயியைக் கண்டுபிடித்தது. எட்டு மைல் கீழே, ஒரு தென்னந்தோப்பு வேலியில்.

பத்து நாள் கழித்து கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ஸ்டோரில் இருந்த பேரிங் எப்படிக் கெட்டது என்று ஸ்டோர் கீப்பர் எழுதி அனுப்பவேண்டும். சாதிக் பாய் கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார். "நான் யார்கிட்டயும் மூச்சு விடல. நீங்க என்ன எழுதுறீங்களோ எழுதுங்க, உங்க மனசுக்கு விட்டது" என்றார். நான் ஒன்றையும் மறைக்காமல் இரண்டு பக்கம் எழுதினேன். வேலை போகட்டும், ஜெயில் என்றாலும் போகட்டும் என்று இருந்தேன். எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அதை அனுப்புமுன் பிச்சமுத்துவிடம் சொல்லாமல் இருக்கமுடியுமா? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன்.

அவன் வீட்டுக்குள் மாரியாயியின் அம்மா இருளாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் நாலு வயசுப் பெண் தூங்கியது. கிழவி என்னைப் பார்த்ததும், "அந்தத் தட்டானை வெட்டிப் போடுங்க சாமி, எம்மவளை ஏமாத்திருச்சு" என்று அழுதாள். பிச்சமுத்து என்னை வெளியே கூட்டிவந்து கரையில் உட்காரவைத்தான். ஆறு வடிந்து, மணல் தெரிந்தது.

"பிச்சமுத்து, ஆபீஸுக்கு எழுதிட்டேன். உங்கிட்ட சொல்லிட்டு அனுப்பலாம்னு வந்தேன்."

"பேரிங் விசயமாங்களா."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பாய் டப்பாவைத் தொறந்தப்பவே தெரியும்ங்க" என்றான். "நான் உங்க முகத்தைப் பாக்கல, பேரிங்கைத்தான் பாத்தேன். கிரீஸைத் தொடச்சது நான். சந்தனம் வச்சது நான். தெரியாம இருக்குமா?"

"குத்தம் என்னுதுப்பா. திறந்து குடுத்தது நான். போன்ல வரும்னு சொன்னதும் நான்தான். ரெண்டையும் எழுதியிருக்கேன்."

அவன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம், "எழுதாதீங்க ஐயா" என்றான். "காயிதத்துல நீங்க உங்க குத்தம்னுதான் எழுதுவீங்க. ஊருக்கு வர்றப்ப, பிச்சமுத்து வச்ச சந்தனத்தால மாரியாயி போனான்னுதான் வரும். உள்ள இருக்கிற கெழவி காதுல விழுந்தா புள்ளைய ஒரு நிமிசம் எங்கிட்ட விடாது, தூக்கிட்டுப் போயிரும். எனக்கு அது ஒண்ணுதாங்க மிச்சம்."

"என்னால தாங்க முடியலையே பிச்சமுத்து" என்றேன். அழுதேன், வெட்கமில்லாமல் அவன் முன்னால் அழுதேன். "ஆபீஸ் வேணாம்னா விடு. கோயில்ல சாமியார்கிட்டயாவது சொல்லி இறக்கி வைக்கிறேன். அவர் யார்கிட்டயும் சொல்லமாட்டார்."

"சொல்லுங்க. உங்களுக்கு அப்படி ஒரு ஆள் இருக்காரு, போய்ச் சொல்லுங்க." அவன் குரலில் கோபம் இல்லை. "எனக்கு எதுன்னாலும் அவகிட்டத்தாங்க சொல்லிப் பழக்கம். இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். பேரிங் வரும்போதே பழுது என்று ஒரு வரி எழுதினேன்; மறுநாள் தபாலில் சேர்த்தேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. பின்னால் நின்றவரை, நீங்க போங்க என்று சொல்லி நகர்ந்துகொண்டேன்.